நான் எழுதிய வயது

ஆரம்பப் பள்ளி டீச்சர் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரு படம் வருகிறது. பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, கூடச் சேர்ந்து ஆடிப் பாடுகிறவள். நான் அப்படி இருந்ததே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாக்பீஸை விட்டெறிவேன், குறி தப்பாது. ஆனால் பிரம்பைத் தொட்டதில்லை. ஒரு பிள்ளைக்குத் தெரியாததை நாலு பேர் முன்னால் கேட்டு அதைக் கூனிக் குறுக வைத்ததும் இல்லை. இத்தனை வருட வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெருமையில் நான் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதற்கு முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தது கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா கருவாட்டுக் கிடங்குக்கு வேலைக்குப் போவார். எனக்குக் கீழே மூன்று பேர். கடைசித் தம்பி எழுந்து நிற்கிற வரைக்கும் என்னை வீட்டை விட்டு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது எனக்கு எட்டு வயது.

அப்போதெல்லாம் பள்ளியில் சேர்க்க ஒரு பரீட்சை உண்டு. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். ஐந்து வயது ஆனவர்களுக்குத்தான் எட்டும் என்பது கணக்கு. எனக்குக் காதையும் தாண்டித் தாடை வரைக்கும் எட்டியது. பெயர் எழுதிய வாத்தியார் சிரித்துவிட்டார். "அஞ்சுன்னே போட்டுக்கறம்மா. பின்னால உத்தியோகம் கெடச்சா மூணு வருஷம் கூட சம்பளம் வாங்கும் உம் பொண்ணு" என்றார். அம்மாவுக்கு அவர் சொன்னது ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கும்பிட்டார். என் பிறந்த தேதி என்று இன்றைக்கும் எல்லாத் தாளிலும் இருப்பது அந்த வாத்தியார் யோசித்து எழுதியதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் மே கடைசியிலும் ஜூன் முதல் வாரத்திலும் பிறந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

உத்தியோகத்துக்கு அது உதவியது. வகுப்பில் அது என்னைக் கொன்றது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நான் மட்டும் நெட்டையாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என்னை 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். டீச்சரும் அப்படியே வைத்துக்கொண்டார். தண்ணீர் எடுத்து வருவது, சின்னதுகளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் கழுவிவிடுவது எல்லாம் என் வேலை. பெரியவளாக இருந்துகொண்டு அ, ஆ தெரியவில்லை என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். சிரித்தார்கள். நான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் முதுகை வளைத்து நடந்தேன். இன்றும் என் முதுகு முழுதாக நிமிராது.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த நாளிலேயே ஒன்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் உயரத்துக்காக வெட்கப்படக் கூடாது. தாமதமாக வருகிற பெரிய பிள்ளையைச் சின்னதுகளோடு உட்கார வைக்க மாட்டேன். அதன் வயதை ஒத்தவர்களோடு உட்கார வைத்து, தெரியாததைத் தனியாக, யாரும் பார்க்காதபோது சொல்லிக் கொடுப்பேன். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2004 ஜூனில் நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியரும் நானும்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சேர்க்கைப் பதிவேட்டை அவர் என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். நான் எழுதுவேன், அவர் கீழே கையெழுத்துப் போடுவார்.

பள்ளி திறந்த வாரத்தில் ஒரு அம்மா பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பம். தை பிறந்தால் குடும்பத்தோடு சூளைக்குப் போய் பள்ளி திறக்கிற சமயத்தில்தான் திரும்புவார்கள். அந்தப் பெண் அதுவரைக்கும் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. சூளையில் ஈரச் செங்கல்லைத் திருப்பித் திருப்பிக் காய வைப்பது அவள் வேலை. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. வயதுக்கு மீறிய உயரம். கதவுக்கு வெளியே, முதுகை வளைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வயசும்மா?"

"எட்டு டீச்சர். பெரிய மழ வந்து எங்க கூர சாஞ்சுதே, அந்த வருஷம் பொறந்தா."

"எத்தன நாள் படிக்க வைப்பீங்க?"

"பொங்கல் வரைக்கும் வருவா டீச்சர். அப்புறம் சூளைக்கிப் போவணும்ல."

இப்படி வந்து, இப்படியே போன பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மா மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு என்றால் சிதம்பரத்தில் அரசு விடுதி இருக்கிறது. தங்க இடம், மூன்று வேளை சோறு. அங்கே சேர்த்துவிட்டால் பெண் சூளைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் போட்டால் விடுதிக்கு ஐந்து வருடம் இருக்கிறது. அதுவரைக்கும் எந்தச் சூளைக்காரக் குடும்பமும் காத்திருக்காது. ஐந்தாம் வகுப்பில் போட்டால் ஒரே வருடம்.

ஐந்தாம் வகுப்புக்குப் பத்து வயது வேண்டும். நான் பேனாவைத் திறந்தேன். ஜூன் முதல் வாரத்தில் ஒரு தேதியை யோசித்து, பத்து வயது நிரம்பியதாக எழுதினேன்.

"எட்டுதான டீச்சர்?" என்றார் அந்த அம்மா. என் பேனா நகர்ந்ததை வைத்து அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

"பத்துன்னு போட்டிருக்கேன்மா. புள்ள நல்லதுக்குத்தான். யாரு கேட்டாலும் பத்துன்னே சொல்லுங்க. ஒரு வருஷம் என்கிட்ட வுட்டீங்கன்னா அடுத்த வருஷம் சிதம்பரத்துல ஹாஸ்டல்ல சேத்துடறேன்."

அவர் கும்பிட்டார். கைநாட்டு வைத்தார். தலைமையாசிரியர் மட்டும், "மூணாவதுல போடலாமே டீச்சர், எழுத்தே தெரியாதுங்கறீங்க" என்று இழுத்தார். "மூணாவதுல போட்டா தை மாசம் சூளைலதான் சார் இருப்பா" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவரும் நல்ல மனிதர்தான்.

அந்த ஒரு வருடம் நான் வேலை செய்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. அவளுக்கு ஸ்லேட்டைக் கொடுத்தால் அழுத்துகிற அழுத்தில் பல்பம் உடைந்தது. களிமண்ணைக் கொடுத்தேன். மண்ணை உருட்டித் திரித்து எழுத்தை வளைத்து வைத்தாள், ஒரே நாளில் ஏழு எழுத்து. எண்ணிக்கை சொல்லித் தர வேண்டியே இருக்கவில்லை. சூளையில் அடுக்கிப் பழகிய பிள்ளை, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாகக் கண்ணாலேயே எண்ணிவிடுவாள். ஐந்தாம் வகுப்பில் மற்றவர்கள் பெருக்கல் போட முழிக்கும்போது அவள் விடையைச் சொல்லிவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்ப்பாள்.

படிக்க வைத்தது பஸ் போர்டுகளை வைத்து. மாலை நாலரைக்கு மேல் அவளைப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நிறுத்தத்தில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் படிக்க வேண்டும். முதலில் பழகியது 'கடலூர்'. ஒரு நாள் 'வடலூர்' என்று ஒரு பஸ் வந்தது. அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். "டீச்சர், மொத எழுத்துதான் வேற, மீதி எல்லாம் கடலூரு" என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்கு எழுத்து பிடிபட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பஸ்ஸைப் பார் என்று அதட்டினேன். ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ்ஸைப் படிக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. அதைப் படித்த அன்று டீக்கடையில் ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் கரையிலிருந்து தள்ளி இருந்ததால் பள்ளிக் கட்டடம் முகாமாக மாறியது. கரையோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள் வகுப்பறைகளில் படுத்திருந்தார்கள். முதுநகரில் என் தம்பி குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய எனக்கு மூன்று நாள் ஆனது. பள்ளிச் சுவரில் தினமும் ஒரு பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள், கிடைத்த உடல்களின் பட்டியல். படிக்கத் தெரியாத பெண்கள் அதன் முன்னால் நின்று யாராவது வருவார்களா என்று பார்ப்பார்கள்.

ஒரு மத்தியானம் நான் அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே அவள் குரல் கேட்டது. பட்டியலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பதினைந்து, இருபது பேர். ஒவ்வொரு பெயராக, பஸ் போர்டு படிக்கிற அதே குரலில். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆறு மாதத்தில் படிக்க வைத்துவிட்டேனே என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு பெயரைப் படித்ததும் ஒரு பெண் தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டார். பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, படி" என்றேன். மீதிப் பெயர்களையும் படித்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னார். பத்து வயதுப் பிள்ளைக்கு இது கூடத் தாங்காதா என்று நினைத்தேன். எழுதின எனக்கே அவள் எட்டு வயதுக்காரி என்பது மறந்து போயிருந்தது.

பொங்கலுக்கு அவளை என்னிடம் விட்டுவிட்டுத்தான் சூளைக்குப் போனார்கள். விடுதிச் சோறு என்று நான் சொன்ன சொல் வேலை செய்தது. அடுத்த ஜூனில் அவளைச் சிதம்பரத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். விடுதியில் தேதி கேட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் நான் எழுதியிருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும்போதும் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாள், அதைப் பார்த்து இன்னொன்று. நாலு வருடத்தில் அந்தத் தேதிக்கு அத்தனை சாட்சி சேர்ந்துவிட்டது.

சிதம்பரம் போகும்போதெல்லாம் விடுதிக்குப் போய்ப் பார்ப்பேன். வந்த புதிதில் வகுப்பிலேயே அவள்தான் உயரம். மற்றவர்கள் மளமளவென்று வளர, இவள் அப்படியே நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் எல்லாப் பெண்களும் வயதுக்கு வந்துவிட்டார்கள், இவள் மட்டும் வரவில்லை. விடுதியில் கேலி. அவள் அம்மா பயந்து போனார். நாட்டு மருந்து கொடுத்தார். ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டார். அங்கிருந்து திரும்பும் வழியில் என்னைப் பார்க்க வந்தார்.

"பதினாலு முடிஞ்சிடுச்சி டீச்சர். இன்னும் ஒண்ணுங் காணும். ஏதாவது கோளாறா இருக்குமோன்னு பயமா இருக்குது."

"என்னம்மா பேசறீங்க? அவளுக்குப் பன்னண்டுதான?" என்றேன்.

"என்னா டீச்சர் நீங்களே இப்படி சொல்றீங்க? நீங்க எழுதுனதுதான!"

அவர் விளையாடவில்லை. எட்டு என்று தன் வாயால் சொன்ன தாய் அவர். ஐந்து வருடமாகத் தாள்களில் பார்த்துப் பார்த்து, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்குத் தன் வயிறு சொன்ன கணக்கைவிட என் பேனா சொன்ன கணக்கு பெரிதாகிவிட்டது. அன்றைக்கு உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். திருத்தம் கேட்டு எழுதியிருக்கலாம், அப்போது எழுதினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "வந்துடும்மா, பயப்படாதீங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சில மாதங்களில் வந்தும்விட்டது. எனக்கும் நிம்மதியாகிவிட்டது.

2012இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மதிப்பெண். டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று கடலூர் போய் விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பதாகப் போனில் சொன்னாள். அதற்குள் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்று, இறந்தும் போயிருந்தார். நான்தான் தலைமையாசிரியை. பதிவேடு வைத்த பீரோவின் சாவி என் முந்தானையில் இருந்தது.

பள்ளி திறந்த இரண்டாம் நாள் அவள் அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு வந்தார்கள். மாப்பிள்ளை அம்மாவின் தம்பி. டிப்பர் லாரி ஓட்டுகிறவர், பெண்ணைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். குடிக்க மாட்டாராம். முகூர்த்தம் அடுத்த வாரம், வைகாசிக் கடைசி.

"நீங்க எழுதுன தேதி பொறந்து, அதுக்கு மறுவாரம் வச்சிருக்கோம் டீச்சர்" என்றார் அப்பா. "ஒரு நாள் முன்ன வச்சாக்கூட போலீசு வந்துடுமாமே. அதான் இத்தன நாளு பொறுத்துக்கிட்டு இருந்தோம். நீங்கதான் மொத ஆளா வந்து நிக்கணும்."

அம்மாவைப் பார்த்து, "பொண்ணு மேல படிக்கணும்னு சொல்லுதே" என்றேன்.

"படிச்சதெல்லாம் போதும் டீச்சர். ஹாஸ்டலும் முடிஞ்சிடுச்சி. சூளைக்கிப் போறப்ப வயசுப் பொண்ண எங்க வுட்டுட்டுப் போறது? கூட்டிட்டுப் போனா அங்க எத்தன கண்ணு. எந்தம்பின்னா எனக்கு பயமில்ல." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவள் தனியாக வந்தாள். மத்தியான இடைவேளை, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முதுகு நேராக இருந்தது. ஒரு காலத்தில் அதை நிமிர்த்த நான் எத்தனை தடவை அவள் தோளில் தட்டியிருப்பேன்.

"அம்மாவுக்கும் எனக்கும் சண்ட டீச்சர். உனக்கு வயசாவுதுன்னாங்க. எனக்கு என்னா அவ்ளோ வயசாயிடுச்சின்னு கேட்டேன். கூர சாஞ்ச வருஷம் பொறந்தவளுக்கு எத்தன வயசுன்னு அவுங்களே விரல் வுட்டு எண்ணுனாங்க. பதினாறுதான் வந்துது. அப்புறம் அழுவுறாங்க, ஆனா கல்யாணத்த நிறுத்த மாட்டேங்கறாங்க."

நான் தலை குனிந்திருந்தேன்.

"நீங்க அப்ப அப்படி எழுதலன்னா நான் இந்நேரம் சூளைலதான் டீச்சர் இருந்திருப்பேன். எனக்குத் தெரியும். அதுக்காக வரல. இப்ப ஒரு வார்த்த நீங்க சொன்னா போதும். யாரு சொன்னாலும் நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க."

குழந்தைத் திருமணம் பற்றிப் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் எங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருந்தது. அதைக் காட்டினேன். "நீ போன் பண்ணு. விசாரிக்க வருவாங்க. நான் எழுதினது தப்புன்னு நானே சொல்றேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் அந்தக் காய்ப்பின் தடம் இன்னும் இருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கேயிருந்து போன் செய்தாள்.

மூன்றாம் நாள் காலை, ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி, கூட ஒரு பெண் போலீஸ். அவளையும் அப்பா அம்மாவையும் வழியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். என் அறை சின்னது. அப்பா வாசற்படியில் நின்றார், அம்மா சுவரோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவள் பீரோ பக்கம். பதிவேட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதிகாரி பக்கத்தைத் திருப்பி அந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணு தனக்குப் பதினாறுன்னு சொல்லுது. உங்க ரெஜிஸ்டர் பதினெட்டுங்குது. பொறந்த சர்டிபிகேட் கெடையாது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டு எல்லாம் உங்க டிசியப் பாத்து எழுதுனது. நான் எத நம்பட்டும் டீச்சர்?"

"டீச்சர் எழுதுனது தப்பா இருக்குமா சார்?" என்றார் அப்பா. "நாங்கதான் கைநாட்டு."

அதிகாரி அவரைக் கையமர்த்தினார். நல்ல மாதிரியான ஆள்தான். குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "அந்தத் தேதி சரியில்லன்னு நீங்க ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க. அது போதும். அத வச்சி டாக்டர்கிட்ட வயசு பாக்க அனுப்பிடறேன், கல்யாணம் அன்னிக்கி நடக்காது. ஆனா மறைக்காம சொல்லிடறேன். அந்தப் பேப்பர் என்னோட நிக்காது. உங்க டிபார்ட்மெண்டுக்கும் ஒரு காப்பி போவும். தெரிஞ்சே தப்பா எழுதுனதுன்னு வந்தா சஸ்பென்ஷன்தான். வேல போனாலும் போவும். யோசிச்சிக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல வெள்ளைத் தாளை இழுத்தேன். 'அனுப்புநர்' என்று எழுதினேன். கீழே என் பெயர், தலைமையாசிரியை, பள்ளியின் பெயர். அடுத்து 'பெறுநர்' என்று எழுத வேண்டும். பேனா அங்கே நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. என்னென்னவோ நினைத்தேன். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. வயது குறைந்தால் இவள் எழுதிய பத்தாம் வகுப்புப் பரீட்சையே செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ, அதற்கு இந்தக் கல்யாணமே தேவலையோ என்றுகூட ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். எல்லாம் சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான். 'ஆயா' என்று கூப்பிடப்பட்ட என்னை 'டீச்சர்' என்று கூப்பிட வைக்க எனக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட எனக்குக் கை வரவில்லை.

வெளியே புதுப் பிள்ளை ஒன்று அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேனா நிற்கிற இடத்தை. பிறகு இரண்டடி முன்னால் வந்தாள்.

"சார், நான்தான் பொய் சொல்லிட்டேன். படிக்கணும்னு ஆச, அதான் பதினாறுன்னு சொன்னேன். எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சி. டீச்சர் சரியாத்தான் எழுதியிருக்காங்க."

சுவரோரம் நின்ற அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அதிகாரி அவளைப் பார்த்தார். என் கைக்குக் கீழே பாதியில் நிற்கிற தாளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அப்படித்தானா டீச்சர்?" என்று கேட்டார். தாளில் எழுதியிருந்த என் பெயரையே பார்த்தேன். இன்னும் மெதுவாக, எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரி இரண்டாம் தடவையும் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.